மாத்திரை வேலை செய்த ஞாயிற்றுக்கிழமை

ஏழு வயதுவரை என் மகள் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்கார்ந்ததில்லை. பள்ளியிலிருந்து போன் வந்தால், வணக்கம்கூடச் சொல்லாமல், "இன்னைக்கு எதுமேல ஏறினா மிஸ்?" என்றுதான் ஆரம்பிப்பேன். தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கம்பி, ஒருமுறை தலைமை ஆசிரியையின் ஸ்கூட்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கடித்துவைத்த பிறகுதான் பெங்களூரில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் போனோம்.

மூன்று முறை வரச்சொல்லி, விளையாடவிட்டுப் பார்த்து, நான்காம் முறை மாத்திரை எழுதினார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இருவரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எழுதி வையுங்கள் என்றார். மாத்திரை கேட்காவிட்டால் பள்ளியில் டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்டுவிட்டால் என் பெண் பொம்மை மாதிரி ஆகிவிடுவாளோ? இந்த இரண்டு பயத்தையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்.

'எழுதி வையுங்கள்' என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் ஓசூர் சிப்காட்டில் வண்டி விளக்கு செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். நல்ல விளக்குக்கு ஓ.கே., கோணலுக்கு என்.ஜி. இந்தக் கை பன்னிரண்டு வருடமாக வேறெதையும் எழுதியதில்லை. மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாத்திரைக்கு முந்தைய நிலவரம் வேண்டாமா என்று சனிக்கிழமையே ட்ரயல் பார்த்தேன். ஒன்பது மணி என்.ஜி., பத்து மணி என்.ஜி., சாயங்காலம்வரை வரிசையாக என்.ஜி. ஒரு கட்டத்தில் மட்டும் ஓ.கே. அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் துணி துவைக்கிற சிவப்பு டப்புக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பதினொரு மணிக்கும் அங்கேயே. எனக்குக் கால் தரையில் பாவவில்லை! ஓ.கே., ஓ.கே. என்று பேனா பறந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மாவிடம் படியிலிருந்தே கத்தினேன். "ஒந்தே மாத்ரெகா?" என்று அவர் வாயைப் பிளந்தார். ஒரே மாத்திரையிலேதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், அதை நானே கண்டுபிடித்தவள் மாதிரி. முந்திரியை அள்ளிப் போட்டுக் கேசரி கிளறினேன். கிளறும்போது பாட்டு வேறு.

பன்னிரண்டரைக்கு என் கணவர் கறி வாங்கிக்கொண்டு வந்தார். கட்டங்களைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மாத்திரைய எப்ப குடுத்த?"

"நானா? நீங்கதான குடுத்தீங்க?"

"நான் குடுக்கல. நீ குடுத்திருப்பன்னு இருந்துட்டேன்."

அட்டையை எடுத்துப் பார்த்தோம். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அடக்க முடியாமல் கேசரிக் கரண்டியோடு பின்பக்கம் ஓடினேன். "ஏன்டி, காலைலேர்ந்து இதுக்குள்ள என்ன பண்ற?"

"நீதான என்.ஜி. போட்டிருக்க," என்றாள். "என்.ஜி.ய செவப்பு பெட்டியிலதான போடுவீங்க. உருக்கற வண்டி எப்பம்மா வரும்?"

ஆயுத பூஜைக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டியபோது, கோணல் விளக்கு போடும் சிவப்புப் பெட்டியைக் காட்டி, இதையெல்லாம் வண்டி வந்து ஏற்றிப்போய் உருக்கிவிடுவார்கள் என்று இந்த வாயால்தான் சொல்லியிருந்தேன். நான் கேசரி கிளறிக் கொண்டாடியது என் பிள்ளையின் பயத்தை. அப்படி ஒரு அவமானம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அவளை அப்படியே தூக்கிக் கட்டிக்கொண்டு, "இல்ல கண்ணு, அம்மா எழுதினது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் நெய் வாசனை பிடித்துவிட்டாள். பிடியை உதறிக்கொண்டு ஓடிப்போய் அடுப்பு மேடைமேல் ஏறிவிட்டாள்.

தாளைக் கிழித்துப் போட்டேன். திங்கள் முதல் மாத்திரை என் கையால் மட்டும். முதல் வாரம் பசியில்லை என்றாள், சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுதாள். மருத்துவர் அளவைக் குறைத்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு, "அமைதியா இருக்கறதுக்கு இல்லம்மா இது. அவ நினைச்சத அவளால செய்ய முடியணும், அதுக்குத்தான்," என்றார். எனக்கு அது பாதிதான் புரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு விடுமுறை நாள், மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் இருக்கும். அவளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டே, வழக்கம்போல் பாதியில் ஓடிவிடுவாள் என்ற நினைப்பில், வேகவேகமாகச் சொன்னேன்: "கண்ணு, அம்மா அன்னிக்கு அப்படி எழுதினது தப்பு, நீ விளக்கு இல்ல, உன்ன யாரும் எங்கயும் போடமாட்டாங்க, நீ ஸ்கூட்டர் மேல ஏறினாலும் எனக்கு நீதான் வேணும்."

வாக்கியம் முடிந்துவிட்டது. அவள் அங்கேயே நின்றிருந்தாள். ஏழு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் கடைசிவரை கேட்டது அதுதான் முதல் முறை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா. அவ்ளோதானா? நான் போலாமா?"

போ என்றேன். ஒரு சடையோடு ஓடினாள்.