லாரி ஓடாத நாள்

ரெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு எலக்ட்ரிக் கிதாருக்கு பாலிஷ் போட நினைத்தேன்.

கட்டை அரும்பாவூரில் வாங்கியது. சாமி சிலை செதுக்குகிறவர்களிடம் மிஞ்சிய வாகைப் பலகை. அதை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஆன்லைனில் வரவழைத்த கழுத்தையும், கம்பியின் அதிர்வைச் சத்தமாக்கும் பிக்கப்பையும் பொருத்திப் பார்த்துவிட்டேன். சத்தம் நன்றாகவே வந்தது. மாட்டுப் பொங்கல் சாயங்காலம் தெரு மேடையில் இதைத்தான் வாசிப்பேன் என்று கூட்டாளிகளிடம் சொல்லியும் ஆயிற்று. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். சொன்னதைச் செய்வான் என்று ஒரு பெயர் இருந்தது. பாலிஷ்தான் பாக்கி.

பாகங்களைக் கழற்றி, கட்டைக்கு லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்து, துணிக்கொடியில் தொங்கவிட்டேன். லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாகப் போயின. தடவினால் சொரசொரவென்று இருந்தது.

"என்னா தம்பி, ரவை தூவுனாப்ல இருக்கு?" என்றார் அம்மா.

தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை அம்மா, வடகம் காயவைக்கிற மாதிரியே இறங்கிவிட்டார். வாசலெல்லாம் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் ஈர வேட்டியைக் கட்டினார். ஒரு தூசி ஒட்டவில்லை. ஆனால் ஈரக்காற்றில் லேக்கர் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது.

"அடப்பாவமே, நானே கெடுத்துட்டனே!"

"வேட்டியோட இன்னொரு முனைய புடிச்சது நான்தானம்மா."

தெளித்தால் வெளுக்கிறது, தெளிக்காவிட்டால் தூசி. பொங்கலோ நெருங்கிவிட்டது. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் வேறு ஏதோ பேச்சில் சொன்னார்: "பொங்கலன்னிக்கு லோடு இல்ல. லாரி ஒண்ணும் ஓடாது."

என் கை சோற்றிலேயே நின்றது.

வெளுத்த பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பொங்கலன்று பானையை இறக்கியதும், காய்ந்த வாசலில், நல்ல வெயிலில் கடைசிப் பூச்சு அடித்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோழிகளை விரட்டினார். கரும்பைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர்களையும் விடவில்லை.

"அந்தாண்ட போய் துப்புங்கடா! தம்பி சாமான் காயுது."

பொழுது சாய்வதற்குள் வாகையின் வரி ஒவ்வொன்றும் தெரிய, கட்டை பளபளத்தது.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பூட்டிக் கம்பி மாட்டினேன். சாயங்காலம் மேடைக்கு அதை அப்பாதான் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். கூட்டாளி ஒருவன் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான்.

"கை வைக்காத, இன்னும் காயல" என்றார் அப்பா.

அது நேற்றே காய்ந்துவிட்டது. நான் மேடையேறிக் கேட்கும்வரை அப்பா அதைக் கீழே வைக்கவில்லை.