முழங்கால் உயர ஜன்னல்

“இந்த ஜன்னல் மட்டும் இன்னாத்துக்கு முட்டி உசரத்துல இருக்குது, சொல்லு?”

திருப்பதி ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தில், ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பத் துடைப்பத்தோடு வந்த வரலட்சுமி அக்கா கேட்டது. இன்டர் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, புத்தூரிலிருந்து தினமும் வேலை தேடி வந்துகொண்டிருந்தேன்.

“ஜன்னல் எறங்கல. பிளாட்பாரம் ஏறிச்சி. மீட்டர் கேஜ் சின்ன லைன் போயி பெரிய லைன் வந்தப்போ ஒசத்திட்டாங்களாம். இன்டர் படிச்சியாமே, இது சொல்லித் தரலயா?”

அக்காவின் ஊர் நகரி. பதினோரு வருடமாக அங்கே ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. கூரைத் தண்ணீர் இரும்புத் தூண்களுக்குள்ளேதான் இறங்குகிறது என்பதை அடைப்பு எடுக்கப் போய்த் தெரிந்துகொண்டவர். வளைவு வாசல், இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர், எதற்குள் எலி இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

போன தை மாதம் ஒரு பகல். பெஞ்சில் தனியாக விழித்த நான்கு வயதுக் குழந்தை அழுதது. அக்கா ஓடிப்போய்த் தூக்கினார். தண்ணீர் பாட்டிலோடு மொட்டைத்தலை மனிதர் ஒருவர் ஓடிவந்தார்.

“மோனிகா! வாம்மா!”

“நீ யாரு? எங்க நைனாக்கு மீசெ இருக்கும்!” குழந்தை அக்காவின் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

அவர் சித்தூர் கோபிகிருஷ்ணன். மலையில் குழந்தை தூங்கும்போதே முடியும் மீசையும் கொடுத்துவிட்டு, தூக்கத்திலேயே தோளில் போட்டு இறங்கியிருக்கிறார். ஆதார் படத்தில் தலை நிறைய முடி, முறுக்கு மீசை. செல்போன் வீட்டில். மனைவியின் நம்பர் மனப்பாடமில்லை.

“உங்க நைனா பேரு இன்னா கண்ணு?” என்றார் அக்கா.

“நைனா.”

கூடியவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சித்தூர் வண்டிக்குப் பத்து நிமிடம். தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால்? சரியான ஆளாக இருந்து கொடுக்காவிட்டால்?

“அண்ணா, நீ உள்ள போ. ஜன்னலுக்குப் பின்னால நின்னு, வூட்ல பேசற மாதிரி பேசு.”

மரச்சட்டங்கள் போட்ட அந்த முழங்கால் உயர ஜன்னலில் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அக்கா குழந்தையை விளிம்பில் உட்கார வைத்தார். உயரம் சரியாக இருந்தது.

உள்ளே போய் நின்றார். அவருக்கு வெட்கம்.

“பேசுண்ணா, வண்டி வந்துடும்!”

“ஏ... ஏ குட்டி எரும,” குரல் தயங்கியது. “இட்லி துன்னியா?”

அழுகை நின்றது. குழந்தை மரச்சட்டத்தில் காது வைத்தது.

“துன்னல நைனா. இங்க ஒரு மொட்ட மாமா வந்து என்னெ கூப்புட்டுக்கினே இருக்கான். சீக்கிரம் வா.”

அக்கா அங்கேயே குந்திச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் குழந்தை மறுபடி உதட்டைப் பிதுக்கியது. அக்கா அவர் துண்டைப் பிடுங்கித் தலையையும் வாயையும் மூடிக் கட்டிவிட்டார். “இப்படியே பேசிக்கினு போ. ஊர் வர்ற வரைக்கும் நிறுத்தாதே.”

“சித்தூர் வரைக்கும் இன்னாக்கா பேசறது?”

“எருமயப் பத்திப் பேசு.”

அவர் பேசிக்கொண்டே நடந்தார். குழந்தை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறியது.

இதைப் படிப்பவர்கள் திருப்பதிக்குக் குழந்தையோடு கிளம்புகிறவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: மொட்டை போடும்போது பிள்ளை விழித்திருக்கட்டும்; தூங்கிவிட்டால், முகத்தை மறைத்துக்கொண்டு குரலைக் கேட்கவிடுங்கள். யார் இதைக் கண்டுபிடித்தது என்று கேட்டால், வரலட்சுமி அக்கா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.