ஜமீலா மேடம் திரும்பப் பெற்ற முடிவு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தபோது அரிசி ஆலைக்காரர் ஏழுமலை கைப்பேசியில் கூப்பிட்டார். "சார், ஜமீலா மேடம் பூட்டாங்க சார். மாரடைப்பாம்." நான் புதுச்சேரி வண்டியில் ஏறி, கோட்டக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைய மாணவர்கள் நின்றிருந்தார்கள்.

வேதிப் பொறியியல் துறையில் பேராசிரியர் ஜமீலாவும் நானும் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள். காற்றைக் குறைத்துக் கொடுத்துச் சூடேற்றினால் நிலக்கரி எரிவாயுவாக மாறும். அந்த நிலக்கரியில் ஒரு பங்கை விட்டுவிட்டு, நம் பக்கத்தில் மலிந்து கிடக்கும் மல்லாட்டைத் தோலை, அதாவது நிலக்கடலைத் தோலைச் சேர்த்தால் என்ன? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஏழுமலை தன் ஆலையின் பின்புறத்தில் இடம் கொடுத்தார். சிறிய உலை ஒன்று கட்டினோம். முதன்முதலாக வாயு நீலமாகப் பற்றிக்கொண்ட அன்று மேடம் முகமெல்லாம் தார்ப் புகையோடு, "நம்ம கொல்லையில குப்பையா கிடந்தது சார் இது!" என்று கத்தினார்.

தோலும் கரியும் தனித்தனியே தரக்கூடியதைவிடச் சேர்ந்து எரியும்போது வாயு கூடுதலாக வருகிறது என்று கணக்கு காட்டியது. விழுப்புரத்தில் நடந்த கருத்தரங்கில் அவர் அதை அறிவித்தார். கைதட்டல் ஓயவில்லை. செய்தித்தாளில் படம் வந்தது. ஏழுமலை பெரிய உலைக்கு அடித்தளம் தோண்டத் தொடங்கிவிட்டார்.

மழைக்காலத்தில் மேடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். கூடுதல் வாயுவைக் காணவில்லை. பல வாரம் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. கரியை மட்டும் எரித்த சோதனைக்கு வெளியே குவித்திருந்த ஈரக் கரி போயிருக்கிறது. கலவைக்கோ கொட்டகைக்குள் இருந்த காய்ந்த கரி. தோல் செய்த அற்புதம் ஒன்றுமில்லை, எல்லாம் ஈரத்தின் வேலை.

துறையில் யாருக்கும் சொல்லும் முன் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். "அண்ணே, நான் சொன்னது தப்புங்க" என்றார்.

ஏழுமலை தோண்டிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆலைக்காரங்க எல்லாருகிட்டயும் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேனே மேடம். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?"

"நீங்க ஏன் போவணும்? நான் வர்றேங்க. நானே சொல்றேன்."

ஆலை உரிமையாளர்கள் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார். யாரோ சிரித்தார்கள். "படிச்சவங்களே இப்படின்னா பேஜாருதான்" என்றார் ஒருவர். மேடத்தின் குரல் நடுங்கியது. ஆனால் எங்கே தவறினார் என்பதைக் கடைசிவரை விளக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த எனக்குத் தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும், "வெட்கமா இருக்கு சார், ரொம்ப. ஆனா சொல்லாம இருந்திருந்தா தினமும் இருக்கும்" என்றார்.

பிறகும் அவர் உலையை விடவில்லை. தோலை ஓர் அளவுக்குள் வைத்தால் அந்த அளவுக்குக் கரி மிச்சமாகிறது. அளவு மீறினால் சாம்பல் உருகி, கிட்டம் என்னும் கட்டியாக இறுகி உலையை அடைக்கிறது. இவ்வளவுதான் அவருடைய உண்மையான முடிவு. அதற்கு யாரும் கைதட்டவில்லை. ஏழுமலையின் ஆலையில் இன்றும் அந்தக் கலவைதான் எரிகிறது.

சென்ற வாரம் எங்கள் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, இதைப் படிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடையில் அவர் படத்துக்குக் கீழே, அவரே திரும்பப் பெற்ற அந்தப் பழைய முடிவைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பேசியவர்கள் ஒவ்வொருவராக அதையே புகழ்ந்தார்கள். துறையில் எங்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். துக்க நேரத்தில் எதற்கு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசி வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார். "மன்னிச்சிக்கோங்க. அது தப்புன்னு மேடமே எங்க எல்லாரு முன்னாடியும் நின்னு சொன்னாங்க. அவ்ளோ அவமானப்பட்டு சொன்னத இப்ப நீங்க இல்லன்னு ஆக்கிடாதீங்க."

அடுத்துப் பேச வேண்டியவன் நான். கையில் இருந்த தாளில் நானும் புகழ்ச்சியைத்தான் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அந்த ஈரக் கரியின் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அவர் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். காது மடல் சுட்டது, நா குழறியது. ஆனாலும் முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

ஜமீலா மேடத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்: வெட்கம் பிடுங்கித் தின்னும்போதும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது. அவர் இருந்தபோதே அதைக் கற்றிருக்கலாம்.