கல்லாப்பெட்டியைச் சுற்றிப் போன கோடு

டிரேசிங் துணியில் கோடு இழுப்பவன் மூச்சை அடக்க வேண்டும், கையை நகர்த்த வேண்டும், காலை மறந்துவிட வேண்டும். முதல் இரண்டும் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் வைத்த வலது கால் தானாக ஆடும். அந்த ஆட்டம் மேசைக்கு ஏறும். பேனாவின் இரண்டு இரும்பு உதடுகளுக்கு நடுவே நிற்கும் மை ஒரு மயிரிழை விலகும். அவ்வளவுதான், அன்றைய காலை வீண்.

பினாங்கில் கடற்கரைத் தெருவில், ஒரு வெள்ளைக்காரக் கட்டடக்கலைஞரின் அலுவலகம் மேல்மாடியில் இருந்தது. நான் அங்கே வரைபடம் பழகச் சேர்ந்திருந்தேன். பழகுவது என்றால் மற்றவர்கள் பென்சிலில் வரைந்ததன் மேல் மெல்லிய துணியை விரித்து, அதே கோடுகளை மையில் திரும்ப இழுப்பது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று காகிதத்தைத் தூக்கியது. மூடினால் வியர்த்தது. அந்தத் துணி கஞ்சிப்பசை ஏற்றியது; ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அந்த இடம் வெளுத்து உப்பிவிடும். அதனால் முழங்கைக்குக் கீழே ஒரு கைக்குட்டையும் கழுத்தில் ஒரு துண்டும் எப்போதும் இருக்கும். கீழே சாலையில் டிராமும் ரிக்‌ஷாவும் சுமைவண்டியும் போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் எங்கோ போயின. நான் மட்டும் வேறொருவர் கட்டப்போகும் வீட்டின் கழிவறைச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

என்னோடு இன்னொருவனும் பழகினான். ஆயர் ஈத்தாமிலிருந்து சைக்கிளில் வரும் சீன இளைஞன், என் வயது. உட்கார்ந்தால் மதியம் வரை எழமாட்டான். அவன் துணியில் ஒரு சுரண்டல்கூட இருக்காது. என் துணியில் கத்தியால் சுரண்டித் திருத்திய இடங்கள் வெளிச்சத்தில் பிடித்தால் அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் மேலே தலைமை வரைவாளர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பித்தான். சத்தம் போட மாட்டார். என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நிற்பார். "உம்மடை காலை வீட்டிலை விட்டிட்டு வர ஒரு வழி பாரும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த வருடம் ஒரு வரைவாளர் ஈப்போவுக்கு வேலை மாறிப் போனார். அவருடைய மேசை காலியாயிற்று. வடக்கு ஜன்னலுக்குக் கீழே, சரிவாக ஏற்றி இறக்கக்கூடிய பலகை வைத்த மேசை. அதில் உட்காருகிறவன் பிறர் கோட்டைத் தடவ வேண்டாம். தன் கோட்டைத் தானே போடலாம். எங்கள் இருவரில் ஒருவருக்கு அது கிடைக்கும் என்று தலைமை வரைவாளர் சொன்னார். ஆளுக்கு ஒரு வேலை. படங்களை முழுதாக முடித்து, கட்டடச் சொந்தக்காரரின் கையெழுத்தும் வாங்கி, முனிசிபாலிட்டிக்கு அனுப்பும் நிலையில் முதலில் கொண்டுவருகிறவனுக்கு மேசை.

சீனனுக்கு ஒரு கோப்பிக் கடையின் சமையல்கட்டு வந்தது. எனக்கு ஒரு மசாலாச் சாமான் கடை. சொந்தக்காரர் தமிழ் முஸ்லிம். கடையின் பின்பாதியை இடித்து மாடியோடு கட்ட விரும்பினார். அவரிடம் தமிழில் பேச ஆள் வேண்டும் என்பதால்தான் அது என்னிடம் வந்தது.

அளக்கப் போன நாட்களில் எனக்குக் கால் ஆடவில்லை. கடை முன்னால் நடைபாதையாக ஓடும் அஞ்சடியிலிருந்து பின்சந்து வரை நீண்டு கிடந்த கடை அது. அகலமோ இரண்டு மாட்டுவண்டிகள் உரசாமல் நிற்கும் அளவுதான். நுழைந்ததும் இடப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு மரமேடை. அதன்மேல் கல்லாப்பெட்டி, விரித்த பாய், முதலாளி. வலப்பக்கம் வாசலுக்கு நேராக நடைவழி. பிறகு மல்லி, சோம்பு, வற்றல் மூட்டைகள். நடுவில் வானம் பார்த்த சிறு முற்றம். அதற்குப் பின்னால் மறுபடி இடப்பக்கம், புது மாடிப்படி வரவேண்டிய இடம். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சுவரை அளக்க நான் ஊர்ந்து போனேன். தும்மிக்கொண்டே வெளியே வந்தேன். எழுதினதை நம்பாமல் மறுபடி போனேன்.

முதலாளி கல்லாவிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டு தரம்தான் அளப்பே தம்பி? கடை என்ன, ஓடியா போயிரும்?"

அவரிடம் கணக்கெழுதும் ஆள் ஒருவர் இருந்தார். நடுவயது, வெற்றிலை வாய். "தும்முறதுக்கு முன்னாடி ஒண்ணு, தும்முனதுக்கு அப்பறம் ஒண்ணு அளக்குறாரு மொதலாளி, ரெண்டும் ஒத்துவரணும்ல" என்றார். நான் இருப்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. வியாபாரம் என்னைச் சுற்றி நடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பழைய அவஸ்தை. காகிதத்தை நனைத்து, ஓரங்களில் பசை தடவிப் பலகையில் ஒட்ட வேண்டும். காய்ந்தால் மேளத்தோல் போல இறுகும். அது மழைக்காலம். காகிதம் காயவே இல்லை. சீனன் மலாயில் "பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பென்சிலைச் சீவினான். காய்ந்துவிட்டதா என்று நான் விரல் வைத்துப் பார்த்த இடங்களில் ரேகை விழுந்தது. அதன்மேல் வர்ணக் கரைசல் ஓட்டியபோது ரேகைகள் மேகம் போல எழுந்து நின்றன. கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன். கரைசல் ஓட்டுவதிலும் ஒரு வித்தை உண்டு. பலகையைச் சாய்த்து, தூரிகையின் கீழே ஒரு நீர்ச்சரடு தொங்கிக்கொண்டே இறங்க வேண்டும். நிறுத்தினால் கறை. அவசரப்பட்டால் திட்டு. இரண்டுக்கும் நடுவிலான வேகம் எனக்குப் பிடிபட நாளாயிற்று.

மூன்று படங்கள் தேவை. தரைப்படம்: கடையை மேலே இருந்து பார்த்தது. முகப்புப் படம்: சாலையிலிருந்து பார்த்தது. மூன்றாவது வெட்டுப்படம், அதில்தான் வம்பு. தரைப்படத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டின் வழியே ரம்பம் இறங்கிக் கட்டடத்தை இரண்டாக்கியது போல நினைத்துக்கொண்டு, ஒரு பாதியை அப்புறப்படுத்தி, மீதிப் பாதியின் உள்ளே தெரிவதை வரைய வேண்டும். படி எவ்வளவு உயரம், தளம் எவ்வளவு கனம் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் அதில்தான் பார்ப்பார்கள். மாடிப்படி கட்டாயம் தெரிய வேண்டும். அதனால் இடப்பக்கச் சுவரை ஒட்டி நேராக ஒரே கோடாக வெட்டினேன். வெட்டுப்பட்ட பழைய சுவருக்குக் கறுப்பு, புதுச் சுவருக்குச் சிவப்பு. அது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம்.

சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முகப்புப் படத்தைப் பார்த்து முதலாளி சந்தோஷப்பட்டார். பெயர்ப்பலகையை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று கேட்டார். தரைப்படத்தைக் கணக்காளர் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பி, சரி என்றார். பிறகு வெட்டுப்படத்தை விரித்தேன். சாமான் வாங்க வந்தவர்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்னா?" என்றார் முதலாளி.

கடையை இப்படி நீளவாக்கில் அறுத்தால் உள்ளே இப்படித் தெரியும் என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு மரமேடை பாதியாக நின்றது. அதன் பலகைகளின் வெட்டுமுகம் மஞ்சளில் துல்லியமாக இருந்தது. மேலே ஒரு பெட்டி, அதுவும் பாதி. நான் பெருமையாகச் சேர்த்தது அது.

"எங்க வாப்பா உக்காந்த எடம்," என்றார் முதலாளி. "முன்னால எரிஞ்சு போன மாதிரி கறுப்பு, பின்னால அறுத்துப்போட்ட மாதிரி செவப்பு. நடுவுல என் கல்லா ரெண்டு துண்டு. இதுலயா நான் கையெழுத்துப் போடணும்?"

கணக்காளர் குனிந்து பார்த்தார். "நாம எந்தப் பாதியில இருக்கோம் மொதலாளி? எடுத்துட்டுப் போன பாதியிலயா?"

எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காரியத்தைக் கெடுத்துவிட்டது. இது வெறும் காகிதம் என்றேன். முனிசிபாலிட்டி கேட்கிறது என்றேன். வெள்ளைக்காரத் துரைகளின் வீடுகளையும் இப்படித்தான் வரைகிறோம் என்றேன். அவர் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "வெட்டித்தான் ஆவணும்னா பக்கத்துக் கடையை வெட்டிக்க தம்பி. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." பக்கத்துக் கடையிலும் மசாலாச் சாமான்தான் விற்றார்கள்.

தலைமை வரைவாளரிடம் சொன்னேன். நேர்கோடு, சரியான வர்ணம், பிழை எதுவும் இல்லை, ஆள்தான் புரிந்துகொள்ள மறுக்கிறார் என்றேன். "கையெழுத்து இல்லாட்டி அது படமில்லை, கடதாசி" என்றார் அவர். சீனன் அப்போது தன் படத்தில் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து எழுதுவது கடைசி வேலை.

சாயங்காலங்களில் நடந்தேன். கடற்கரைத் திடலைச் சுற்றினேன். தண்ணீர்மலைச் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். பட்டர்வொர்த் படகு வருவதைப் பார்த்துவிட்டு, அது போவதையும் பார்த்தேன். முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். படிப்பறிவில்லாத பேச்சு என்று நினைத்தேன். அந்த மேசையில் சீனன் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அவன் முதுகு உட்பட.

நகரத்தின் உட்பகுதியில் அப்போது பின்சந்துகள் வெட்டுவதற்காகப் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வரிசையில் ஒரு வீடு பாதி போயிருந்தது. சுத்தமாக, நீளவாக்கில். மீந்து நின்ற பொதுச்சுவரில் மாடிப்படி இருந்த தடம் பல் பல்லாக ஏறியது. கீழறை பச்சைச் சுண்ணாம்பு, மேலறை நீலம். நீலத்தில் ஓர் ஆணி. அதில் கிழிபடாத சீன நாட்காட்டி. அலமாரி நின்ற இடம் மட்டும் வெளுக்காமல் அலமாரியின் வடிவத்திலேயே இருந்தது. சாலையில் போகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் படுத்துத் தூங்கிய அறையை முன்பின் தெரியாத அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு தடத்தையும் குறித்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வரைந்த படம் இதுதான். எனக்கு அது கோடும் வர்ணமும். முதலாளி பார்த்தது கூட்டம் வேடிக்கை பார்க்கும் ஒரு வீட்டை. அவர் தவறாகப் பார்க்கவில்லை. படம் என்ன சொன்னதோ அதைத்தான் பார்த்தார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தச் சுவரின் முன்பக்கத்தில் ஒரு கல்திண்டு அறுபடாமல் முழுதாக இருந்தது. இடித்தவர்களின் வெட்டு அதற்கு இந்தப்புறமாகப் போயிருந்தது. வெட்டின இடம் கரடுமுரடு; அதற்கு அப்பால் இருந்தவை முழுசு.

மறுநாள் புதுக் காகிதம் ஒட்டினேன். தரைப்படத்தில் வெட்டுக்கோட்டை வாசலிலிருந்து தொடங்கி, வலப்பக்க நடைவழியிலேயே கொண்டுபோனேன். மூட்டைகள் முடியும் இடத்தில் கோட்டை இடப்பக்கமாக ஓர் எட்டு தள்ளி, முற்றத்தைத் தாண்டி, மாடிப்படியின் நடுவில் விட்டேன். கோடு இப்போது நேராக இல்லை. கல்லாவை விட்டு ஒதுங்கிப் போயிற்று. வெட்டுப்படத்தில் மேடையும் பெட்டியும் வெட்டுக்கு அப்பால், மெல்லிய கோட்டில், சிதையாமல் நின்றன. வரையத் தொடங்கும் முன்பு, அந்தக் காகிதம் காயும்வரை நான் அலுவலகத்தை விட்டு வெளியே போயிருந்தேன். என் விரலை நம்ப முடியவில்லை.

முதலாளி இந்த முறை யாரையும் பக்கத்தில் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வாசலிலிருந்து உள்ளே நடந்தார். விரல் கல்லாவில் நின்றது.

"முழுசா இருக்கா?"

முழுசாக இருக்கிறது, கோடு இந்தப் பக்கமாகப் போய்விட்டது என்று காட்டினேன்.

"அப்ப நான் எங்கே?"

இந்தப் படத்தில் ஆட்களை வரைவதில்லை என்றேன்.

"கல்லாவத் தெறந்து போட்டுட்டு மொதலாளி எங்கேயோ போயிட்டானா? நல்ல படம்" என்றார் கணக்காளர். முதலாளி சிரிக்காமல் பேனாவைக் கேட்டார். மூன்று தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். பெயர்ப்பலகையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

அலுவலகத்துக்கு ஓடித்தான் வந்தேன். சீனன் படம் முடிந்திருந்தது. கோப்பிக் கடைக்காரர் தைப்பிங்குக்குப் போனதால் கையெழுத்து மட்டும் பாக்கி. அவன் என் தாளைப் பார்த்துவிட்டு, கோடு ஏன் முறிந்தது என்று கேட்டான். அதே கேள்வியைத்தான் தலைமை வரைவாளரும் கேட்டார்.

சொன்னேன், கல்லாப்பெட்டி, முதலாளியின் தகப்பனார் உட்கார்ந்த இடம், எல்லாம்.

"அது காரணமில்லை," என்றார். குனிந்து அளவுகோலை வைத்தார், முன்வாசலை அளந்தார், படியை அளந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. "முந்தின படத்திலை முன்வாசல் வரேல்லை. இதிலை வாசலும் படியும் ஒண்டாய் வந்திருக்கு. ஆரும் கேட்டா இதைத்தான் காரணமெண்டு சொல்லும். கல்லாப்பெட்டிக் கதையை விடும்."

மேசை எனக்குக் கிடைத்தது. சீனன் கைகொடுத்து, தன் கத்தியால் என் பென்சில்கள் எல்லாவற்றையும் சீவி வைத்தான். அவன் சீவினால் ஊசி மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம், என் சொந்தக் கோடு. ஒரு கிடங்கின் ஜன்னல்கள், எல்லாம் ஒரே மாதிரி. மேசையின் கீழ்க்கட்டை என் காலுக்கு வசதியாக இருந்தது, அது ஆடியது. அந்த மசாலாக் கடைக்குப் போய்வந்த நாட்களில் ஏன் ஆடவில்லை என்று யோசித்தேன். பிறகு எழுந்து தலைமை வரைவாளரிடம் போய், தமிழ்க்காரர்களின் கடைகளை அளக்கவும் படத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கவும் என்னை அனுப்பலாமே என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மேசை கேட்டீர், தந்தன். இப்ப வெளியாலை போகக் கேக்கிறீர். உமக்கு எது வேணுமெண்டு ஒருக்கா யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தாகிவிட்டது என்றேன்.

அவர் சீனனை அழைத்து, வடக்கு ஜன்னல் மேசையைக் காட்டினார். அவன் என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். என் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு, அடுத்த கடையை அளக்க நான் கீழே இறங்கியபோது டிராம் வந்துகொண்டிருந்தது.