பூமணி வந்திறங்கப் போட்ட பாதை

1. கல் என்று நினைத்தது

நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக நான் உருத்திரபுரத்துக்கு வந்த முதல் மாரியிலேயே இந்த வில்லங்கம் வந்து சேர்ந்தது. என் வேலை வாய்க்கால் கட்டுவது. அடுத்தவர் வீட்டு வாசலைப் பார்க்கச் சம்பளம் இல்லை. ஆனால் ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், அரசாங்கக் காணியில் வந்து குடியேறிய செல்லத்துரை, நான் வேலையாட்களோடு தங்கியிருந்த வாடிக்கு முன்னால் நனைந்தபடி நின்றார்.

"ஐயா, என்ரை சீமெந்தெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். தெருப் படலையிலிருந்து வீட்டு விறாந்தை வரைக்கும், கார் வரக்கூடிய அகலத்தில், தன் கையாலேயே கொங்கிறீற் போட்டிருந்தார். கலவையில் குறை இல்லை. லெவலும் பிழையில்லை. ஆனால் ஒரு துண்டு மேலே எழும்பியிருந்தது, பக்கத்துத் துண்டு கீழே போயிருந்தது. நடுவில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"அடியிலை என்ன செய்தனீர்?"

"ஊரிலை செய்யிற மாதிரித்தான் ஐயா. ஒரு சாண் மண்ணை வழிச்சன். கல்லு தட்டுப்பட்டுது. அலவாங்கே துள்ளிச்சுது. பிறகென்ன, அதுக்கு மேலை போட்டிட்டன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் வேலணை ஆள். அவருடைய ஊரில் மேல்மண்ணை வழித்தால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதன்மேல் எதை வைத்தாலும் நிற்கும். இங்கே ஆவணி வெயிலில் அலவாங்குக் கம்பியைத் துள்ளவைத்தது கல் இல்லை, காய்ந்த களிமண். மழை கண்டால் ஊறி உப்பும். வெயில் கண்டால் சுருங்கி வெடிக்கும். கல்நிலத்துக் கைப்பழக்கத்தோடு வந்து இந்த மண்ணிடம் ஏமாந்தவர்களில் அவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

"போன சீமெந்து போகட்டும், விடும்" என்றேன்.

அவர் விறாந்தை விளிம்புக் குந்தில் தொப்பென்று இருந்துவிட்டார். "சீமெந்து போகட்டும் ஐயா. இனி அவா வரமாட்டா."

2. அவா

அவா என்றது மனைவி பூமணியை. போன மாரியில் கைக்குழந்தையோடு கிளிநொச்சி ஸ்ரேசனில் இறங்கி, வாடகைக் காரில் வந்திருக்கிறாள். கார் படலையடியில் புதைந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் சேற்றில் வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. அடுத்த நாளே வேலணைக்கு, தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். "வாசல் வரைக்கும் கார் வந்தால் வாறன்" என்பதுதான் அவள் சொல்லிவிட்டுப் போன சொல்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் பாட்டில் போக என்னால் முடியவில்லை. எனக்கும் அந்த வருடம்தான் கலியாணம் நடந்திருந்தது. மனைவி வடக்கே கரவெட்டியில், நான் வேலையாட்களோடு வாடியில். எஞ்சினியர் ஐயாவிடம் கேட்டால், "வாடியிலை பொம்பிளையள் இருக்கிறதே? குவாட்டர்ஸ் கட்டி முடியட்டும், பாப்பம்" என்பார். அந்தக் குவாட்டர்ஸுக்கு அத்திவாரமே வெட்டவில்லை. வடக்கே போகிற ரயிலின் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. செல்லத்துரையின் முகத்தில் இருந்தது என்ன வருத்தம் என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

3. அடிநிலம் எடுத்தல்

இனி எழுதுவது இளம் ஓவசியர்மாருக்கு. கொங்கிறீற்றை எல்லோரும் பார்ப்பார்கள், அடிநிலத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் பாரம் தாங்குவது அடிநிலம்தான்.

மாரி முடிந்து மண் வெட்டக்கூடிய பதத்துக்கு வந்ததும் உடைந்த சீமெந்தைக் கிளப்பினோம். களியை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்தோம். பாலைமர வேர் ஒன்று குறுக்கே ஓடியிருந்தது. அதை விட்டுவிடலாமா என்று செல்லத்துரை கேட்டார். உக்கி மண்ணானால் அந்த இடம் பள்ளமாகிவிடும், முழுதாகத் தோண்டும் என்றேன். பிறகு காதர் நானாவின் மாட்டுவண்டியில் கிரவல், சரளை கலந்த மண், வந்தது. நானா கொண்டுவந்ததை ஒரேயடியாகக் கொட்டி நிரப்பப் பார்த்தார் செல்லத்துரை. நான் சத்தம் போட்டேன்.

"அவசரக்காரனுக்கு இந்த வேலை சரிவராது. நாலு விரல் உயரத்துக்குப் பரவும். தண்ணி தெளியும். இடியும். பிறகு அடுத்த நாலு விரல்."

இடிப்பதற்கு மொங்கான். மரக்குற்றிக்குப் பிடி போட்டது, தூக்கித் தூக்கிக் குத்த வேண்டும். வேலை முடிந்த பின்னேரங்களில் நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கிரவலைக் கையில் எடுத்துப் பொத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கையை நனைக்கக் கூடாது. அதுதான் பதம். நடுவை உயர்த்தி, இரு கரையிலும் தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம்.

எல்லாம் முடிந்ததும் செல்லத்துரை சீமெந்துப் பைகளைப் பார்த்தார். நான் மறுத்துத் தலையாட்டினேன்.

"இல்லை. ஒரு மாரி இதுக்கு மேலாலை போகோணும். தாழுற இடமெல்லாம் தாழட்டும். பிறகுதான் சீமெந்து."

"இன்னும் ஒரு மாரியோ ஐயா? பிள்ளை இப்ப நடக்குதாம். என்னைக் கண்டால் ஆரெண்டு கேக்குமே."

வேலணைக்கு நேரே போய்ப் பூமணியிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு வாரும் என்று அனுப்பினேன். போனவர் தொங்கின முகத்தோடு திரும்பினார். "கிரவலுக்கு மேலாலை கார் ஓடுமோ எண்டு கேட்டா. ஓடும், ஆனா சீமெந்து இல்லை எண்டன். அம்மாவைக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டா. அவ்வளவுதான்."

4. கார்த்திகை மழையில்

அடுத்த மாரி வந்தது. அடைமழை. கானில் தண்ணீர் அடைபடாமல் ஓடுகிறதா என்று பார்க்க நான் அங்கே குனிந்து நின்றபோது படலையில் கார் ஹோர்ன் அடித்தது. கார் உள்ளே வந்தது. தொழில் புத்தி, நான் மனிதரைப் பார்க்கவில்லை, கார்ச் சில்லைப் பார்த்தேன். ஒரு விரல்கூடப் புதையவில்லை.

விறாந்தையடியில் பூமணி இறங்கினாள். செல்லத்துரை வாயைத் திறந்தபடி நின்றார்.

"சீமெந்து இன்னும் போடேல்லையே, பூமணி."

"கார் வந்தால் வாறன் எண்டுதானே சொன்னனான்? சீமெந்து எண்டு நான் எப்ப சொன்னனான்?"

பிள்ளை கிரவலில் தத்தித் தத்தி நடந்து தகப்பனுக்குக் கிட்டப் போய், பயந்து தாயின் சேலைக்குள் ஒளிந்தது. அவர் எட்டித் தூக்கவில்லை. தானாக வரட்டும் என்று நனைந்தபடி குந்தியிருந்தார். நான் குடையை விரித்துக்கொண்டு என் வாடிக்கு நடந்தேன். அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோசம் மட்டும் என்று சொன்னால் பொய். பொறாமையும் வந்தது. அதைவிட, கரவெட்டி நினைவு வந்தது.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போனபோது மனைவியிடம் எல்லாம் சொன்னேன். களி, கிரவல், மொங்கான், கான், ஒன்றும் விடவில்லை. செல்லத்துரை தன் வளவு மூலையில் நாங்கள் குடியிருக்க ஒரு கொட்டில் போடலாம் என்று சொன்னதையும், அந்த ஈரத்துக்குள் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதையும் சொன்னேன். அவள் குசினி அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்:

"அப்ப எங்கடை வாசலுக்கு எப்ப கிரவல் கொண்டுவந்து பறிக்கப் போறியள்?"

திரும்பிவந்து கிளிநொச்சியில் இறங்கியதும் நான் வாடிக்குப் போகவில்லை. பெட்டியும் கையுமாக நேரே செல்லத்துரையிடம் போய், மிஞ்சின கிரவலை ஒருவருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொன்னேன்.