சித்தப்பா காய்ச்சிய எண்ணெய்

சித்தப்பாவை அப்பா எங்கள் வீட்டு வாசற்படி ஏறவிட்டதில்லை. கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், மறைவாகச் சம்சு என்கிற கள்ளச்சாராயமும் காய்ச்சினார். அப்பா ரயில்வே கிராணி, ஆபீசில் கணக்கெழுதும் உத்தியோகம். ஒரு கிராணியின் தம்பி செய்கிற வேலையா அது! அப்பா அவரோடு பேசி நான்கு வருடமாகியிருந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் கடைகளில் மண்ணெண்ணெய் மறைந்தது. பெட்ரோல் இல்லாமல் லோரிகள் நின்றன. ரப்பரைச் சீண்ட ஆளில்லை. சித்தப்பா சும்மா இருப்பாரா? சம்சு காய்ச்சிய டிரம்மிலேயே ரப்பர்த் துண்டுகளைப் போட்டு மூடி, அடியில் விறகை மூட்டினார். ஆவி ஒரு குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டியது. முதலில் வரும் மெல்லிய எண்ணெய் லோரிக்கு. அடுத்தது விளக்குக்கு. கடைசியில் வரும் கெட்டி எண்ணெய் மாட்டுவண்டி அச்சுக்கு. டிரம்மின் அடியில் தங்கிய கரும்பிசினை வைத்துத் தோட்டத்தார் கூரை ஓட்டைகளை அடைத்தார்கள்.

"வெள்ளைக்காரனும் இப்படித்தான் பாப்பா. பூமியிலேர்ந்து எடுக்கிற கறுப்பு எண்ணெயைக் கொதிக்க வச்சு, சூட்டுக்குச் சூடு தனித்தனியா பிரிச்சிடுறான். என்கிட்ட ரப்பர்தான் இருக்கு லா" என்பார்.

அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா என்னைப் போத்தலோடு அவரிடம் அனுப்புவார். விளக்கை ஏற்றினால் டயர் கொளுத்திய நாற்றம் வீடெல்லாம் நிறையும். எண்ணெய் ஏது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் தம்பியைத் திட்டுவார்.

என் தம்பி பிறக்க வேண்டிய சமயம், அம்மா இரண்டு நாள் துடித்தார். "இனிமே என் கையில இல்ல. கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மருத்துவச்சி எழுந்துவிட்டார். ரயில் மறுநாள்தான். பக்கத்து வீட்டுச் சீனர் லோரி தரத் தயார், ஆனால் அதில் சொட்டு எண்ணெய் இல்லை.

அப்பா என்னை வழிகாட்டச் சொல்லிவிட்டு நடந்தார். சித்தப்பாவின் குடிசை வாசலில் போய் நின்றார்.

"தம்பி... ஒன் அண்ணி..." என்றார்.

மூலையில் சாக்கு சுற்றிய ஒரு தகரம் இருந்தது. அதில் பல வாரம் சேர்த்த லோரி எண்ணெய். சித்தப்பா அதை ஒருமுறை பார்த்தார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டார்.

"நடங்கண்ணே, ஏன் நிக்கிறீங்க?"

லோரி இருமி, புகை கக்கி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா பிழைத்தார், தம்பியும் பிழைத்தான். அதன்பிறகு முப்பது வருடம் அம்மா கையால் சாப்பிடக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த நன்றி யாருக்குரியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார். அப்பாவே பரிமாறினார். இரண்டு நாள் கழித்து, சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த பட்டியலில் சித்தப்பாவின் பெயர் வந்தது. பெயரை அடித்துவிடச் சொல்லித் தோட்டத்துக் கங்காணிக்கு லஞ்சமாகக் கொடுக்க வைத்திருந்ததுதான் அன்று லோரியில் ஊற்றிய அந்தத் தகர எண்ணெய். பக்கத்துக் குடிசைக்காரர் சொல்லி அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அம்மா சொன்னபோது நான் கல்யாணமானவள். சயாம் போன சித்தப்பா திரும்பப்போவதில்லை என்பதும் எங்களுக்கு எப்போதோ உறுதியாகியிருந்தது.

அவர் புறப்பட்ட அன்று, கிள்ளான் ஸ்டேஷனில் அத்தனை பேர் எதிரில் அப்பா சித்தப்பாவின் காலில் விழுந்தார். மூத்தவர் இளையவர் காலில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. கைகொட்டிச் சிரித்தேன்.

"எழுந்திருங்கண்ணே, பாப்பா சிரிக்குது பாருங்க" என்று சித்தப்பாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.