மூன்று மொழியில் சொன்ன "வரும்"

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கைப்பேசியை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். போன வாரம் காலை ஷிஃப்டில் டீ இடைவேளைக்கு வந்து பார்த்தபோது முனிராஜிடமிருந்து வரிசையாக அழைப்புகள். நம் குடிநீர்த் திட்டத்தில் ஜீப் ஓட்டிய அதே முனிராஜ். திருப்பி அழைத்தேன்.

"வேணி மேடம் போயிட்டாங்கண்ணா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அரைநாள் விடுப்புக் கேட்டு அவர் ஊரான பேரிகைக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்டு உறவுக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அதனால்தான், அவரோடு வேலை செய்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நாகவேணி அக்கா நம்மிடம் மொழிபெயர்ப்பாளராக வருவதற்கு முன் ஓசூரில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் வரவேற்பாளராக இருந்தவர். வெளிநாட்டுப் பொறியாளர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலம் பழகியவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம். அந்தத் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது வேலை போனது. அப்போதுதான் நம் குடிநீர்த் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

இரண்டு நட்பு நாடுகள் சேர்ந்து கொடுத்த உதவி அது. மாநில எல்லையோரக் கிராமங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, நடுவயதில் முட்டி மடங்காது. தொட்டியும் குழாயும் ஒரு நாட்டின் பொறுப்பு, சுத்திகரிக்கும் இயந்திரம் மற்ற நாட்டின் பொறுப்பு என்று ஒப்பந்தம். நான் அங்கே தண்ணீரைச் சேகரித்துச் சோதிப்பவன். இரு நாட்டு நிபுணர்களும் பேசியது ஆங்கிலம்தான். ஆனாலும் ஒருவர் உச்சரிப்பு மற்றவருக்குப் பிடிபடாது. "இங்கிலீஷ்ல இருந்து இங்கிலீஷுக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருக்குது கோபாலு" என்று அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

முதல் கிராமக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. நிபுணர்களில் ஒருவர் எழுந்து, அடுத்த கோடைக்குள் தண்ணீர் தர முடியும் என நம்புவதாகச் சொன்னார். அக்கா மொழிபெயர்க்கவில்லை. அவரிடம் திரும்பி, "நம்புகிறீர்களா, தருகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் ஏதோ விளக்கினார். அக்கா மறுபடியும் அதையே கேட்டார். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர், "வரும் என்றே சொல்லுங்கள்" என்றார். அக்கா தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சொன்னார்: தண்ணீர் வரும்.

அந்த வார்த்தையை நம்பித்தான் சாக்கம்மா இடம் கொடுத்தார். முட்டி மடங்காமல் காலை நீட்டியே உட்கார்ந்திருக்கும் விவசாயப் பெண்மணி. தொட்டி கட்ட மேடான இடம் அவருடைய தோப்பில்தான் இருந்தது. காய்த்துக்கொண்டிருந்த மூன்று மாமரங்களை வெட்டச் சம்மதித்தார். வெட்டிய அன்று அவர் வெளியே வரவில்லை. அக்கா மட்டும் உள்ளே போய் அவரோடு உட்கார்ந்திருந்தார்.

தொட்டி எழுந்தது. குழாய் பதித்தார்கள். இயந்திரம் அனுப்பவேண்டிய நாட்டில் ஆட்சி மாறியது. வெளிநாட்டு உதவிகளை நிறுத்தினார்கள். பங்காளி இல்லாமல் தனியாகத் தொடர ஒப்பந்தத்தில் இடமில்லை என்று மற்ற நாடும் கைவிட்டது. எல்லாம் ஒரே மின்னஞ்சலில் வந்தது. நிபுணர்கள் பெங்களூர் விமான நிலையத்துக்கு நேராகப் போய்விட்டார்கள். கிராமத்துக்கு யாரும் போக வேண்டாம், கடிதம் அனுப்பிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

"கடிதம் போட்டா யாரு படிச்சுச் சொல்றது? நான் நாளைக்குப் போறேன். கூட வர்றியா?" என்றார் அக்கா. எனக்கு ஓசூரில் நேர்முகத் தேர்வு இருந்தது. அதைச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் தேர்வு மத்தியானம்தான் என்பதைச் சொல்லவில்லை.

ஜீப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டதால் அக்கா முனிராஜோடு பஸ்ஸில் போனார். நடந்ததை முனிராஜ்தான் பிறகு எனக்குச் சொன்னார். நின்றுகொண்டே மூன்று மொழியிலும் சொன்னாராம். யாரும் சத்தம் போடவில்லை. சாக்கம்மா மட்டும் தெலுங்கில் கேட்டாராம்: "வெள்ளைக்காரங்க பேச்சு எங்களுக்கு எங்க புரிஞ்சுது வேணி? வரும்னு சொன்னது உன் வாய்தானே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றாராம் அக்கா.

அதன் பிறகு அவர் இரண்டு நாட்டுக்கும் மாதந்தோறும் கடிதம் எழுதினார். தங்கள் வருத்தத்தைத் தெரிவித்து, பங்காளி நாட்டைக் கேட்கும்படி ஒரு நாடு பதில் எழுதியது. மற்ற நாடும் அப்படியே எழுதியது. தொலைபேசியில் எனக்குப் படித்துக்காட்டினார். "ரெண்டு பேரும் எவ்ளோ மரியாதையா ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டறாங்க பாரு" என்றார். அந்தமுறை சிரிக்கவில்லை.

சாக்கம்மாவை ஓசூர் மருத்துவமனைக்கும் அவரே அழைத்துப் போனார். மருத்துவர் தென்மாவட்டத்துக்காரர், தெலுங்கு தெரியாது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இது இனி சரியாகாதும்மா. முதல்ல குடிக்கிற தண்ணிய மாத்தச் சொல்லுங்க" என்றாராம். இதை என்னிடம் சொன்னது அக்காதான். "முதல் பாதிய சொன்னேன் கோபாலு. தண்ணி விஷயத்த சொல்ல வாய் வரல. இத்தன வருஷத்துல நான் முழுங்குன ஒரே வார்த்தை அதுதான்."

அவருக்கு இரங்கல் எழுதும்போது, போராடி வென்றார் என்று முடிக்கத்தான் ஆசை. வெல்லவில்லை. ஒரு கடிதத்துக்கும் பலன் இல்லை. தொட்டி இன்றும் காலியாக நிற்கிறது.

மூன்றாம் நாள் நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பல வருடம் கழித்துப் போகிறேன். அக்கா இறந்த செய்தி சாக்கம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். சாக்கம்மா நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "அவ எழுதிக்கிட்டிருந்தாளே, அந்தக் கடிதாசிக்கு இனிமே பதில் வருமா?" என்று கேட்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். கெட்ட செய்தியை, அது யாரைப் பாதிக்குமோ அவர் எதிரில் நின்று, அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது. அன்றைக்கு அதைச் செய்தேன். பதில் வராது, இயந்திரமும் வராது, இந்த அடிபம்புத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று, அக்கா விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன்.

சாக்கம்மா முழுவதையும் கேட்டார். "வேற எதைக் குடிக்கறது?" என்றார். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அதே அடிபம்புக்கு நடந்தார்.